பாய்லர் அண்ணனும் என் வெந்நீரும்

கொடைக்கானலில் குளிருக்கு அடுத்தபடியாக மனிதர்களை நடுங்க வைத்த ஒரே ஆள் பாய்லர் அண்ணன்தான். குளிராவது ஏப்ரல், மே மாதங்களில் கொஞ்சம் லீவு எடுத்துக்கொள்ளும். அவர் எடுத்துக்கொண்டதில்லை. எங்கள் சபையின் போதகர், மகளிர் குழுத் தலைவி பேச்சியம்மா, பஜாரில் பழக்கடை வைத்திருக்கும் காதர் பாய், சர்ச் வாசலில் படுத்திருக்கும் நாய் என்று எல்லோரும் அவருக்குப் பயந்தார்கள். பயந்துகொண்டே அவரைத் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடவும் செய்தார்கள். அந்தக் கொண்டாட்டத்தில் பாதி எனக்கு வந்திருக்க வேண்டியது.

பாதி என்ன, முக்கால்வாசி.

விஷயத்தை முதலிலேயே உடைத்துச் சொல்லிவிடுகிறேன். வெந்நீர் என் யோசனை. அவருடையது அல்ல. இதை ஊரில் ஒருவராவது ஒப்புக்கொள்ள வேண்டும் என்று நான் பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல.

எங்கள் சர்ச்சுக்குக் கீழே ஓர் இறக்கம். அதில் அடுக்கடுக்காகத் தகரக் கூரை வீடுகள். லாரியில் காய்கறி ஏற்றுகிறவர்கள், பூண்டு சுத்தம் செய்யப் போகிறவர்கள், ஏரிக்கரையில் குதிரை ஓட்டுகிறவர்கள், லாட்ஜில் துணி துவைக்கிறவர்கள் குடியிருக்கிறார்கள். ஐப்பசி பிறந்து மழை பிடித்துக்கொண்டால் அங்கே விறகு காயாது. கேஸ் சோறு பொங்கவே சரியாக இருக்கும். பச்சைத் தண்ணீரில் கையை விட்டு எடுத்தால் விரல்கள் நம்முடையவைதானா என்று சந்தேகம் வரும். பிள்ளைகள் குளிக்காமலே பள்ளிக்கூடம் போய்ச் சொறி சிரங்கோடு திரும்பும். வயதானவர்கள் கார்த்திகையில் ஒரு முறை, மார்கழியில் ஒரு முறை என்று குளியலை ஒரு பண்டிகையாகவே ஆக்கிவிட்டிருந்தார்கள்.

வருடாவருடம் எங்கள் சபை அவர்களுக்குக் கம்பளி கொடுக்கும். கொடுத்துக் கொடுத்து, இறக்கத்தில் ஆட்டுக்குட்டிகூட இரண்டு கம்பளி போர்த்திக்கொண்டு படுத்திருந்தது. ஒரு பள்ளிக்கூட ஆபீசில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற பிறகு நான் சபைக் கமிட்டிக்குச் செயலாளர் ஆனேன். அந்த வருடக் கூட்டத்தில் மறுபடி கம்பளிப் பேச்சை எடுத்தபோது எழுந்து நின்று, “கம்பளி போதும் பாஸ்டர். ஜனங்க குளிக்கிறதுக்கு வெந்நீர் கொடுப்போம்” என்றேன். போதகர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, “சார், இது தேவன் கொடுத்த யோசனை” என்றார். பாருங்கள், அப்போதே என் பங்கு பறிபோக ஆரம்பித்துவிட்டது.

இருந்தாலும் நான் சளைக்கவில்லை. இடமும் தண்ணீர்த் தொட்டியும் சர்ச்சுடையவை. வரிசையைக் கவனிக்கவும் நடமாட முடியாதவர்கள் வீட்டுக்கு வாளி சுமக்கவும் இறக்கத்து மகளிர் குழு. எரிப்பதற்கு பஜார் கடைக்காரர்களின் உடைந்த பேரிக்காய்ப் பெட்டிகள், ஆரஞ்சுப் பெட்டிகள். காதர் பாயிடமும் பேச்சியம்மாவிடமும் நடையாய் நடந்து, பேசிப் பேசி, மூன்று தரப்பையும் ஒரு முடிச்சுக்குள் கொண்டுவந்தவன் நான். எல்லாம் தயார். இல்லாதது ஒன்றே ஒன்று, பாய்லர்.

அது ஒரு நாள் காலை மேல்மலைப் போளூரிலிருந்து கேரட் ஏற்றி, வழியில் அதையும் ஏற்றிக்கொண்ட பிக்கப் வண்டியில் வந்து இறங்கியது. ஆள் உயரச் செப்புப் பாய்லர். அதைக் கட்டிப் பிடித்தபடி ஒரு மனிதர். குளிரில் பல் கிட்டிக்கொண்டிருந்த நேரத்தில் அவருடைய மப்ளர் அவர் கழுத்தில் இல்லை, பாய்லரின் கழுத்தில் இருந்தது.

பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு லாட்ஜில் முப்பது வருடமாக வெந்நீர் போட்டவர் அவர். லாட்ஜில் கெய்சர் மாட்டியதும் முதலாளி, “இதை நீயே வச்சுக்கய்யா” என்று பாய்லரை அவர் தலையில் கட்டிவிட்டார். எங்களுக்குப் பாய்லர் தேவை என்று கேள்விப்பட்டு அதோடு வந்துவிட்டார். சொந்த ஊர் பூம்பாறை. அண்ணன் தம்பிகள் பூண்டு போடுகிறார்கள். சின்ன வயதில் பூண்டு உரிக்கச் சொன்னார்கள் என்பதற்காக வீட்டை விட்டு பஸ் ஏறியவராம். இயற்பெயர் யாருக்கும் தெரியாது. ரேஷன் கடைக்காரரே, “பாய்லரு, சீனி வந்துருச்சு” என்றுதான் கூப்பிடுவார்.

“ஆரோ செக்ரட்டரியாமே, அவரு எங்க?” என்று கேட்டபடி இறங்கினார்.

“நான்தான்.”

என்னை மேலும் கீழும் பார்த்தார். “பேன்ட்டு போட்டுருக்கீங்க. பொறி விழுந்தா ஓட்டையாயிருமே சாரு.”

“நான் நெருப்புப் பக்கம் வரப்போறதில்லண்ணே. நான் நிர்வாகம்.”

“அப்பச் சரி. அங்கிட்டுத் தள்ளி நின்னு நிர்வாகம் பண்ணுங்க. பொகை வரும்.”

நான் பேசி முடித்த திட்டத்தில், நான் கேட்டு வாங்கிய இடத்தில், வந்து இறங்கிய கால் மணி நேரத்துக்குள் என்னைத் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டார். நின்றேன். வேறு என்ன செய்வது? பாய்லர் அவருடையது.

மறுநாள் விடிந்ததும் முதல் பிரச்சினை. பாய்லரின் நெற்றியில் விபூதிப் பட்டை, நடுவில் குங்குமம். எங்கள் சபை மூப்பர் ஒருவருக்கு முகம் குங்குமத்தைவிடச் சிவந்துவிட்டது. “சர்ச் காம்பவுண்டுக்குள்ள இதென்ன?” என்று குதித்தார். போதகர் வந்தார். பாய்லரை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார். “முன்பக்கம் ரோட்டைப் பார்த்திருக்கு. ரோடு நகராட்சியோடது. பின்பக்கம்தான் நம்ம காம்பவுண்டு. பின்பக்கம் சுத்தமாத்தான இருக்கு?” என்றார்.

“அம்புட்டுத்தான பாஸ்டரு” என்றார் பாய்லர் அண்ணன். “முன்பக்கம் எங்க முருகனுக்கு. பின்பக்கம் ஒங்க சாமிக்கு. நெருப்பு நடுவுல கெடக்கட்டும்.”

உடைந்த பெட்டிகளை இறக்கிக்கொண்டிருந்த காதர் பாய், “அப்ப மேல போற பொகை எங்க கணக்கா?” என்றார். மூப்பருக்கே சிரிப்பு வந்துவிட்டது. அதோடு பிரச்சினை முடிந்தது. சர்ச் கேட்டுக்குப் பச்சைப் பெயின்ட் அடிக்க அனுமதி கேட்டு இதே போதகரிடம் நான் வருடக்கணக்கில் அலைந்துகொண்டிருந்தேன். எனக்கு எப்படி இருந்திருக்கும்?

யாருக்கு எவ்வளவு வெந்நீர் என்பதற்கு நான் ஒரு முறை வைத்திருந்தேன். நீல அட்டையில் டோக்கன் அடித்து வீட்டுக்கு ஒன்றாகக் கொடுத்திருந்தேன். முதல் நாள் வரிசையில் வந்த டோக்கன்களையெல்லாம் பாய்லர் அண்ணன் மரியாதையாக வாங்கி வைத்துக்கொண்டார். ஆகா, படிக்காதவராக இருந்தாலும் ஒழுங்கு தெரிந்தவர் என்று நான் நினைத்து முடிப்பதற்குள் அத்தனையையும் அள்ளி அடுப்பில் போட்டார்.

“அண்ணே! டோக்கன்!”

“நல்ல அட்டை சாரு. குப்புன்னு புடிச்சுக்கிருச்சு. பெட்டியெல்லாம் நமுத்துக் கெடக்கே, என்னடா செய்யன்னு முழிச்சிக்கிட்டு இருந்தேன். நாளைக்கும் குடுத்து விடுங்க.”

அவருடைய முறை வேறு. வாளியோடு வருகிறவரின் காது மடலைப் பிடித்துப் பார்ப்பார். ஐஸாக இருந்தால் முழு வாளி. கொஞ்சம் வெதுவெதுப்பாக இருந்தால், “நீ அடுப்பங்கரையில குத்தவச்சு காப்பி குடிச்சிட்டு வந்தவன். ஒனக்கு அரை வாளி போதும்” என்பார். எதிர்த்துப் பேசினால் அவ்வளவுதான். குளித்த வரலாறு முழுவதும் வரிசைக்கு முன்னால் வெளியாகிவிடும். “ஏலே சுப்பிரமணி, நீ தீவாளிக்குக் குளிச்சவன்தான? மூட்டை மூட்டையா கேரட்டக் கழுவித் தூக்குறியே, ஒன்னய எவன்டா கழுவுறது?”

இறக்கத்துப் பெண்கள் லேசுப்பட்டவர்களா? வரிசைக்கு வரும்போதே காதில் பச்சைத் தண்ணீரைத் தடவிக்கொண்டு வர ஆரம்பித்தார்கள். அவர் தொட்டுப் பார்த்துவிட்டு, “என்ன தாயி, காது ஈரமா இருக்கு? மழையா?” என்பார். “ஆமாண்ணே, நல்ல மழை.” வானம் பளிச்சென்று வெளுத்துக் கிடக்கும். தலையை ஆட்டிக்கொண்டே முழு வாளியும் ததும்பத் ததும்பப் பிடித்துக் கொடுப்பார். நான் டோக்கன் கொடுத்தபோது என்னிடம் சண்டை போட்ட அதே பெண்கள், காதைத் திருகிய மனிதரிடம் சிரித்துவிட்டுப் போனார்கள். எனக்கு வயிறு எரிந்தது. இப்போதும் எரிகிறது, மறைப்பானேன்?

அடுத்தது பிரசங்கம். பள்ளிக்கூடமும் வேலையும் இல்லாத நாள் என்பதால் ஞாயிற்றுக்கிழமைதான் கூட்டம் அதிகம். வெந்நீர் தயாரானதும் அண்ணன் இடுக்கியால் பாய்லரில் டங், டங், டங் என்று அடிப்பார். அந்தச் சத்தம் சரியாகப் போதகர் பிரசங்கத்தின் நடுவில் வந்து சேரும். கடைசி பெஞ்சில் இருப்பவர்கள் நெளிய ஆரம்பிப்பார்கள். பாடகர் குழுப் பெண்கள்கூடச் செருப்போடு வாளியையும் வாசலில் விட்டுவிட்டு வந்தவர்கள்தானே. இரண்டு வாரம் போதகர் தாக்குப்பிடித்தார். மூன்றாவது வாரம் முதல் டங் கேட்டதுமே, “ஆகவே பிரியமானவர்களே” என்று முடிவுரைக்கு வந்துவிட்டார். பிரசங்கத்தைக் கொஞ்சம் சுருக்குங்கள் என்று இருபது வருடம் கெஞ்சிப் பார்த்தவன் நான். அண்ணனைக் கூப்பிட்டு, “ஆராதனை நடக்கும்போது அடிக்காதீங்க” என்று கண்டித்தேன். அவர் நேராகப் போதகரிடம் போய், “பாஸ்டரு, ஒங்க பேச்சும் என் வெந்நியும் ஒண்ணுதான். ரொம்ப நேரம் வச்சிருந்தா ஆறிப் போயிரும்” என்றார். போதகர் அதை அடுத்த வாரப் பிரசங்கத்திலேயே சேர்த்துக்கொண்டார். சபையே கைதட்டாத குறை.

ஒரு சீசனில் காரில் வந்த குடும்பம் ஒன்று, தங்கியிருந்த இடத்தில் கெய்சர் ஓடவில்லை என்று வாளியோடு வந்து நின்றது. குடும்பத் தலைவர் பையில் கையை விட்டார். அண்ணன் வேண்டாமென்று கையை ஆட்டிவிட்டு, குழந்தைகளின் காதைத் தொட்டுப் பார்த்து ஒரு வாளி பிடித்துக் கொடுத்தார். “பிள்ளைகளுக்கு மட்டுந்தான். நீங்க ஊருக்குப் போய்க் குளிச்சிக்கிருங்க” என்றார். அவர்கள் போன பிறகு அடுப்பைக் கிளறிக்கொண்டே, யாரிடமென்று இல்லாமல் சொன்னார்: “முப்பது வருசம் ஊரான் முதுகுக்குச் சுட வச்சேன். என் வீட்டுக்காரி பச்சத் தண்ணியிலயே குளிச்சுப் போய்ச் சேந்தா. லாட்ஜுலருந்து ஒரு சொம்பு கொண்டாற எனக்குத் தோணல பாரு.”

பேச்சியம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஆனால் நான் உட்கார்ந்து எழுதி, திருத்தி, மனப்பாடம் செய்து பேசிய துவக்க விழா உரைக்கு ஒருவராவது கண்ணைத் துடைத்தார்களா? கொட்டாவியால் வந்த கண்ணீரைத்தான் துடைத்தார்கள்.

உச்சக்கட்ட அநியாயம் ஒன்று உண்டு. சபையும் பஜாரும் மகளிர் குழுவும் சேர்ந்து அக்கம்பக்கத்துக்கு இப்படி ஒரு காரியம் செய்கிறார்களே என்று கேள்விப்பட்டு, மலைக்குக் கீழே இருந்து சில சபைக்காரர்கள் பார்க்க வந்தார்கள். எனக்குத் தெரியும், அவர்கள் கேட்கப் போகிற முதல் கேள்வி இதுதான் என்று. கோட்டு போட்டுக்கொண்டு பாய்லருக்குப் பக்கத்திலேயே நின்றேன். கேட்டார்கள். “இந்த யோசனை யாரோடதுங்க?” நான் தொண்டையைச் செருமினேன். அந்த ஒரு நொடியில் பாய்லர் அண்ணன் குனிந்து ஊதிக்கொண்டிருந்த ஊதுகுழலை எடுத்துவிட்டு, “யோசனையா? குளுருது, வெந்நி வைக்கிறோம். இதுல யோசிக்க என்னங்க கெடக்கு?” என்றார்.

வந்தவர்கள் சொக்கிப் போனார்கள். அவரைத் தனியாக, பாய்லரோடு, வாளியோடு, நாயோடு என்று படம் எடுத்துத் தள்ளினார்கள். அவர்கள் சபைப் பத்திரிகையில் பெரிதாகப் போட்டிருந்தார்கள். வலது ஓரத்தில் கோட்டுக்குள் ஒரு முழங்கை தெரியும். அது என்னுடையது.

இதையெல்லாம்கூடத் தாங்கிக்கொண்டேன். என் மனைவி ஸ்டெல்லா செய்ததைத்தான் தாங்க முடியவில்லை. வீட்டில் நல்ல கெய்சர் இருக்கிறது. ஒரு நாள் காலை பார்த்தால் வாளியைத் தூக்கிக்கொண்டு கிளம்புகிறாள்.

“எங்க?”

“பாய்லர் அண்ணன்கிட்ட. அந்த வெந்நில குளிச்சா முட்டி வலி போயிருதுங்க.”

“தண்ணி எல்லாம் ஒரே தண்ணிதானடி?”

“வெறகு வெந்நிக்கும் கரண்டு வெந்நிக்கும் வித்தியாசம் இல்லையா? கேட்டுப் பாருங்க ஊர்ல.”

“அந்த வெந்நியே என் யோசனைதான்!”

அவள் வாளியைக் கீழே வைத்தாள். “உங்களுக்குக் கல்யாண வீட்டுல மாப்பிள்ளையாவும் நீங்கதான் இருக்கணும், எழவு வீட்டுல பொணமாவும் நீங்கதான் இருக்கணும்” என்று சொல்லிவிட்டு வாளியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். போனவள் முழு வாளியோடு திரும்பினாள். வீட்டில் சுகமாகப் படுத்திருந்தவளுக்குக் காது எப்படி ஐஸாக இருந்தது? நான் கேட்கவில்லை.

இப்படியிருக்கும்போது ஒரு கார்த்திகை மாதம் என் மகள் ஹெப்சி தலைப்பிரசவத்துக்கு வந்திருந்தாள். பெண் குழந்தை. ஆஸ்பத்திரியிலிருந்து தாயையும் பிள்ளையையும் வீட்டுக்குக் கூட்டி வந்த அன்றே காற்று பிடித்துக்கொண்டது. சாதாரணக் காற்றில்லை. மரங்கள் வேரோடு சாய்ந்து மின்கம்பிகளையும் சேர்த்து இழுத்துக்கொண்டு விழுந்தன. மலையை விட்டுக் கீழே இறங்கும் ரோடு அடைபட்டுப் போனது. கரண்ட் இல்லை. கெய்சர் வெறும் பீப்பாய் ஆகிவிட்டது. கேஸும் பால் காய்ச்சும்போது பொசுக்கென்று அணைந்தது. அடுத்த சிலிண்டர் அடைபட்ட ரோட்டுக்கு அந்தப் பக்கம் லாரியில் நின்றது.

பிள்ளை பெற்ற உடம்புக்கு வெந்நீர் ஊற்ற வேண்டும். குழந்தையைக் குளிப்பாட்ட வேண்டும், துணிகளை அலச வேண்டும். “போங்க, போய் அண்ணன்கிட்ட வாங்கிட்டு வாங்க” என்றாள் ஸ்டெல்லா. எனக்குக் கால் எழவில்லை. ஒரு பழைய நாற்காலியை உடைத்துப் பின்கட்டில் எரித்துப் பார்த்தேன். வீடு முழுக்கப் புகை வந்தது, நெருப்பு வரவில்லை. குழந்தை இருமியது. ஸ்டெல்லா வந்து என் கையிலிருந்து தீப்பெட்டியைப் பிடுங்கிக்கொண்டு வாளியைக் கொடுத்தாள்.

ஊரில் யாருக்கும் கரண்ட் இல்லாததால் வரிசை சர்ச் கேட்டைத் தாண்டி ரோட்டுக்கு வந்திருந்தது. நான் நேராக முன்னால் போய் நின்றேன்.

“சாரு, வரிசை அங்கிட்டு முடியுது.”

“அண்ணே, நான் செயலாளர்.”

“தெரியும் சாரு. செயலாளருக்கும் குளுரும், மத்தவுகளுக்கும் குளுரும். அங்கிட்டு நில்லுங்க.”

நின்றேன். நான் உண்டாக்கிய வரிசையின் வாலில், மழைத் தூற்றலில், வாளியைப் பிடித்துக்கொண்டு. என் முறை வந்ததும் அண்ணன் என் காதைப் பிடித்தார். வெடுக்கென்று கையை எடுத்தார். “என்ன சாரு, இப்பிடிக் கொதிக்குது? இந்தக் காதுல நானே ஒரு வாளி வெந்நி வச்சிருவேன் போலருக்கே!”

வரிசை முழுவதும் சிரித்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது. அறுபதைத் தாண்டிய வயதில் நடுரோட்டில் அழுவது நன்றாக இருக்காது என்று அடக்கிக்கொண்டு, “எனக்கில்லண்ணே. ஹெப்சி பிள்ளையோட வீட்டுக்கு வந்துட்டா. கரண்டும் இல்ல, கேஸும் இல்ல. பிள்ளையக் குளிப்பாட்ட ஒரு சொம்பு வெந்நி இல்ல” என்றேன்.

அண்ணன் குழாயை மூடினார். சிரிப்புச் சத்தமும் நின்றது.

“இத வந்தவொடன சொல்ல மாட்டீங்களா சாரு? பெரிய நிர்வாகம்!” என்று கத்தினார். இடுக்கியால் பாய்லரில் ஓங்கி அடித்தார். “ஏ பேச்சி! சாரு வீட்டுக்குப் பச்சப்புள்ள வந்துருக்காம். இன்னைக்கு அதுக்குத்தான் மொதல்ல. ஆருக்காச்சும் ஆட்சேபண உண்டா?”

எனக்கு முன்னால் முழு வாளி வாங்கிப் போன சுப்பிரமணி திரும்பி வந்து, “எங்க வீட்டுல அப்புறமாக் குளிச்சுக்கிறோம் சார். இத அக்காவுக்கு ஊத்துங்க” என்று தன் வாளியை என் முன்னால் வைத்தான். கேரட்டையெல்லாம் கழுவிவிட்டுத் தன்னைக் கழுவ மறந்த அதே சுப்பிரமணி.

குழந்தைக்கு அந்தத் தண்ணீர் ஆகாது, புகை வாடை அடிக்கும் என்று அண்ணன் தனியாக ஒரு பாத்திரத்தைத் தேய்த்துக் கழுவிப் புதுத் தண்ணீர் வைத்தார். தார்ப்பாய்க்கு அடியில் யார் கண்ணிலும் படாமல் ஒளித்து வைத்திருந்த காய்ந்த விறகை வெளியே எடுத்தார். காய்ந்த விறகு எங்கே எங்கே என்று நான் ஒரு வாரமாகத் தேடிக்கொண்டிருந்தேன்.

பிறகு கிளம்பியதே ஓர் ஊர்வலம்! முன்னால் பாய்லர் அண்ணன், மப்ளர் சுற்றிய பாத்திரத்தை நெஞ்சோடு அணைத்தபடி. பக்கத்தில் போதகர் குடை பிடித்து வந்தார், அண்ணனுக்கல்ல, வெந்நீருக்கு. பேச்சியம்மாவும் குழுப் பெண்கள் இருவரும் ஆளுக்கொரு வாளி. காதர் பாய் கடையைப் பையனிடம் விட்டுவிட்டு ஒரு பொட்டலம் சாம்பிராணியோடு ஓடி வந்து சேர்ந்துகொண்டார். எல்லோருக்கும் பின்னால் நான், காலி வாளியோடு.

“வெரசா வாங்க சாரு, ஆறிரும்!” என்று அண்ணன் திரும்பிப் பார்த்து அதட்டினார்.

என் வீட்டில் அன்றைக்கு எனக்கு நிற்க இடமில்லை. பேச்சியம்மா காலை நீட்டி உட்கார்ந்து குழந்தையைக் காலில் போட்டுக்கொண்டார். அண்ணன் முழங்கையை விட்டுப் பார்த்துச் சூடு சொன்னார். “பச்சத் தண்ணி விட்டு இன்னும் கொஞ்சம் வெளாவு பேச்சி. போதும், போதும்.” வீறிட்டுக்கொண்டிருந்த குழந்தை, வெந்நீர் முதுகில் பட்டதும், டங் கேட்ட போதகர் பேச்சை நிறுத்தின மாதிரி அழுகையை நிறுத்தியது. என் கையில் ஒரு துண்டைக் கொடுத்து, “இதப் புடிச்சிட்டு நில்லுங்க” என்றார்கள். அதுதான் அன்றைக்கு என் நிர்வாகம்.

துவட்டி, சாம்பிராணி காட்டிய பிறகு பெண்கள் ஹெப்சிக்குத் தண்ணீர் ஊற்ற உள்ளே போய்விட்டார்கள். போதகரும் காதர் பாயும் வாசலில் நின்று ரோடு எப்போது திறக்கும் என்று பேசிக்கொண்டிருந்தார்கள். நான் ஈரத் துண்டைப் போட்டுவிட்டுத் திரும்பி வந்தேன். அறைக் கதவு பாதி சாத்தியிருந்தது. உள்ளே பாய்லர் அண்ணன் சுவரோரமாகக் குத்தவைத்து, துணியில் சுற்றிய என் பேத்தியைக் கையில் வைத்திருந்தார். இரண்டு பக்கமும் ஒரு பார்வை பார்த்துக்கொண்டு, அவள் காதோரமாகக் குனிந்தார்.

“ஏ தாயி, நல்லாக் கேட்டுக்க. இது ஒந்தாத்தன் வெந்நி. அந்த மனுசன் நெனச்சாரு, அதனால வந்துச்சு. நான் சுட வைக்கிறவன்தான். ஊருக்குள்ள சொல்லிராத, என்ன? தலக்கனம் ஏறிப் போயிரும். அப்புறம் வரிசையில நிக்க மாட்டாரு.”

நான் அப்படியே நின்றேன். இதைக் கேட்கத்தானே இத்தனை வருடம் காத்திருந்தேன். சாட்சிக்கு யாராவது இருக்கிறார்களா என்று திரும்பிப் பார்த்தேன். ஒரு ஈ காக்கை இல்லை. கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போய், “அண்ணே, இப்ப சொன்னத வாசல்ல வந்து ஒரு தடவ சொல்லுங்க” என்றேன்.

“எதச் சொன்னேன்? பிள்ளைக்கு ஒங்க மூக்கு வரல, தப்பிச்சிருச்சுன்னு சொன்னேன். நல்ல சேதிதான, வாங்க சொல்லுவோம்” என்று குழந்தையை என் கையில் கொடுத்துவிட்டு, “சோலி கெடக்கு சாரு” என்று போய்விட்டார். ஊருக்குச் சொல்ல வேண்டியதைப் பேசத் தெரியாத பிள்ளையிடம் சொல்லிவிட்டுப் போன மனிதரை என்ன செய்வது?

அதன் பிறகும் அவர் மாறவில்லை. நானும் மாறவில்லை. பெட்டியை உடைப்பதிலிருந்து சாம்பலை அள்ளுவது வரை சண்டை போட்டோம். போன வருடம் அவருக்கு இருமல் அதிகமானது. புகைப் பக்கமே போகக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட, திண்டுக்கல்லில் இருக்கும் மகள் வந்து கூட்டிக்கொண்டு போய்விட்டார். பாய்லரை எடுத்துப் போகவில்லை. அதன் வயிற்றில் தட்டி, “இங்கினயே இரு” என்றார். பஸ் கிளம்பும்போது என் காதைப் பிடித்துப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார்.

வாரம் ஒரு முறை போன் போடுவேன். “எப்பிடிண்ணே இருக்கு ஊரு?”

“அதயேன் கேக்குறீங்க. கொழாயத் தொறந்தா வெந்நியாவே வருது சாரு. அடுப்பு மூட்டாம வர்ற வெந்நிக்கு என்ன மரியாத இருக்கு? எனக்கு இங்க ஒரு சோலியும் இல்ல.”

“அப்ப வந்துருங்க.”

“இருமல் விடட்டும்.”

இப்போது பாய்லரை நானும் பேச்சியம்மாவும் முறை வைத்துக்கொண்டு மூட்டுகிறோம். வெள்ளனே எழுந்து, கண்ணெல்லாம் சிவக்க ஊதி ஊதி நான் வெந்நீர் போட்டால், வரிசையில் நிற்கிறவர்கள் விரலை விட்டுப் பார்த்துவிட்டு, “அண்ணன் சூடு வரல சார்” என்கிறார்கள். பஜாரில் காதர் பாய் இன்னும், “இன்னைக்குப் பாய்லரு வெந்நி உண்டா சார்?” என்றுதான் விசாரிக்கிறார். யோசனையும் என்னுடையது, உழைப்பும் என்னுடையது, பெயர் மட்டும் திண்டுக்கல்லில் விசிறிக்கு அடியில் உட்கார்ந்திருக்கும் மனிதருக்கு. ஆனால் ஒன்று, பொறாமைப்படுவதற்கும் ஆள் கண் முன்னால் இருக்க வேண்டும். அவர் இல்லாத முற்றத்தில் எனக்கு ஒன்றும் ஓடவில்லை. மனசு வெறிச்சென்று கிடக்கிறது.

இந்தக் கிறிஸ்துமஸுக்கு ஹெப்சி வந்திருந்தாள். பேத்தி இப்போது வாய் ஓயாமல் பேசுகிறாள். குரங்குக் குல்லாவும் ஸ்வெட்டருமாகப் பாட்டியோடு வந்து பாய்லருக்குப் பக்கத்தில் நின்றாள். நான் அவளுடைய சின்ன வாளியில் வெந்நீர் பிடித்தேன். ஆவி மேலே எழும்புவதை வாய் பிளந்து பார்த்தவள், “தாத்தா, இது பாய்லர் தாத்தா வெந்நியா?” என்று சத்தமாகக் கேட்டாள்.

குழாயை மூடினேன். பேச்சியம்மா, சுப்பிரமணி, காதர் பாய், போதகர், வரிசையில் நின்ற இறக்கத்து ஜனம் அத்தனை பேரும் என் வாயையே பார்த்தார்கள். சாட்சிக்கு இதைவிடப் பெரிய கூட்டம் எனக்கு இனி எந்த ஜென்மத்திலும் கிடைக்காது.

“ஆமா தாயி” என்றேன். “அவரு வெந்நிதான்.”